அம்மாவோட இமை காலையில சரியா இருக்கு, சாயங்காலம் தொங்குது, ஆபரேஷன் பண்ணலாமா?

கோத்தகிரி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். கடிதம் ரொம்ப நீளம், தேவையானதை மட்டும் இங்க போடுறேன்:

"டாக்டர் அம்மா, எங்க அம்மாவுக்கு 52 வயசு. தோட்டத்துல கொழுந்து எடுக்கறாங்க. சுகர் இருக்கு, மாத்திரை போடுறாங்க. நாலு மாசமா இடது கண் இமை கீழ இறங்கிடுது. காலையில அவ்வளவா தெரியல, சாயங்காலம் இலை எடை போடுற நேரத்துக்கு பாதிக் கண்ணு மூடிடும், அண்ணாந்து தான் தராசைப் பாக்கறாங்க. ராத்திரி டிவி பாக்கும்போது இமையைத் தூக்கி பிளாஸ்டர் ஒட்டிக்கிறாங்க. சில நாள் படிக்கட்டு ரெண்டு ரெண்டா தெரியுதாம். போன மாசம் மேட்டுப்பாளையத்துல ஒரு கல்யாணம், அந்த வெயில்ல கண்ணு சுத்தமா மூடிடுச்சு. சொந்தக்காரங்க வாதம்னு பயமுறுத்திட்டாங்க, அத்தை திருஷ்டி சுத்திப் போட்டாங்க. நடுவுல நீர்க்கடுப்புக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள் போட்டப்போ இன்னும் மோசமாச்சு. கீழ ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம், இமையைத் தூக்கித் தைக்கணும்னு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. பண்ணலாமா? இன்னொண்ணு, என் பொண்ணுக்கு 4 வயசு, பத்து நாளா காலையில ரெண்டு கண்ணும் வீங்கியிருக்கு, மதியத்துக்குள்ள வடிஞ்சிடுது, அலர்ஜி சொட்டு மருந்து விடுறோம். அப்பாவுக்கு இமையில மூக்கு ஓரமா மஞ்சள் திட்டு. எங்க குடும்பத்துக்கே இமையில ஏதோ கோளாறு போல."

தம்பி, முதல்ல அந்த ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடுங்க. வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாம்னு சொல்றேன். நீங்க எழுதினதைப் படிக்கறப்போ எனக்கு இமையை விட உங்க அம்மாவோட நாள் தான் கண்ணுல படுது, காலையில நல்லா இருக்கு, உழைக்க உழைக்க இறங்குது, குளிர்ல பரவாயில்ல, கீழ இறங்கி வெயில்ல போனா மூடிக்குது, நடுவுல ரெட்டையா தெரியுது. இதை அப்படியே ஒரு நியூரோ டாக்டர்கிட்ட சொன்னா அவர் கையில இருக்கற பேனாவைக் கீழ வெச்சிட்டு நிமிர்ந்து உக்காருவார். அந்த சந்தேகத்தோட பேரு மையஸ்தீனியா கிராவிஸ். இருக்குன்னு நான் கடிதத்தை வெச்சு சொல்ல முடியாது, ஆனா இல்லைன்னு உறுதியாகற வரைக்கும் யாரும் அந்த இமை மேல கத்தி வைக்கக் கூடாது.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூளையிலேர்ந்து வர்ற நரம்பு தசையைத் தொடுற இடத்துல அசிடைல்கோலின்னு ஒரு ரசாயனம் சுரக்கும், தசையில அதை வாங்கிக்கிற ரிசப்டார் இருக்கும், வாங்கினா தசை இழுக்கும். இந்த வியாதியில நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆன்டிபாடி தயார் பண்ணி அந்த ரிசப்டாரை அழிச்சிடுது. தசை நல்லா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல தான் தகராறு. முதல் ரெண்டு மூணு தடவை எப்படியோ வேலை நடந்துடும், திரும்பத் திரும்பப் பண்ணா முடியாம போயிடும். கொஞ்சம் ஓய்வு குடுத்தா திரும்ப வரும். இமையைத் தூக்குற தசை முழிச்சிருக்கற நேரம் முழுக்க ஓயாம வேலை செய்யுதே, அதனால நிறைய பேருக்கு முதல்ல இமையிலயும் கண்ணைத் திருப்புற தசையிலயும் தான் தெரிய வரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்பத்துல கண்ணுல மட்டும் தான் இருக்கும், கை கால்லாம் நல்லா இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

இப்ப மலை விஷயத்துக்கு வர்றேன். இந்த நரம்பு-தசை சந்திப்பு குளிர்ச்சியா இருந்தா கொஞ்சம் நல்லா வேலை செய்யும், சூடானா மோசமாகும். இதை வெச்சே ஒரு டெஸ்ட் இருக்கு, ஐஸ் டெஸ்ட். மூடின இமை மேல ஐஸை மெல்லிசு துணியில சுத்தி 2 நிமிஷம் வெச்சுட்டு எடுத்தா, தொங்கின இமை 2 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ தூக்கினா மையஸ்தீனியா சந்தேகம் பலமாகும். ஏறலைன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உங்க அம்மாவுக்கு கோத்தகிரி காலைக்குளிரே தினமும் அந்த ஐஸ் டெஸ்ட்டைப் பண்ணிக்கிட்டு இருக்கு, மேட்டுப்பாளையம் கல்யாண மண்டபம் அதுக்கு நேர் எதிரான டெஸ்ட்டைப் பண்ணிடுச்சு. 33 கிலோமீட்டர் இறக்கத்துல ஒரு வியாதி தன்னை வெளிய காட்டிக்குதுன்னா பாத்துக்கோங்க.

ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதை நானே பண்ணின தப்பை வெச்சு சொல்றேன். பல வருஷம் முன்னாடி, நான் குன்னூர்ல பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசு. ஒரு அக்கா மூணு தடவை வந்தாங்க, "சாயங்காலமானா கண்ணு மூடிக்குது டாக்டர்"னு. மூணு தடவையும் காலையில முதல் பஸ்ல, பனியில ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டுக்கிட்டு, ராத்திரி நல்லா தூங்கின கண்ணோட. ஒம்போதரைக்கு நான் பாக்கறப்போ ரெண்டு இமையும் ஜம்முனு இருக்கு. கண் வறட்சி, வயசுன்னு சொல்லி சொட்டு மருந்து எழுதி அனுப்பிட்டேன். நாலாவது தடவை ரோட்ல மண் சரிஞ்சு பஸ் எங்கயோ நின்னு, கொஞ்ச தூரம் நடந்து, அவங்க வந்து சேந்தப்போ சாயங்காலம் அஞ்சு மணி. கதவைத் திறந்து வந்தவங்க நாடியைத் தூக்கி, நெத்தியை சுருக்கி, இமை இடுக்கு வழியா என்னைத் தேடறாங்க. எனக்கு வெக்கமா போச்சு. அன்னிக்கு கிளினிக் ஃபிரிட்ஜ்ல ஐஸ் இல்ல, கம்பவுண்டர் ஓடிப்போய் மார்க்கெட்ல மீன் கடையிலேர்ந்து ரெண்டு கட்டி வாங்கிட்டு வந்தார், கையுறைக்குள்ள போட்டு வெச்சோம். 2 நிமிஷம் கழிச்சு இமை ஏறிடுச்சு, அந்த அக்கா "கண்ணு திறந்துடுச்சு டாக்டர், ஆனா மத்தி வாசம் வருது"ன்னு சிரிச்சாங்க. டாக்டரோட நேரம் காலை, இந்த வியாதியோட நேரம் சாயங்காலம். அதுலேர்ந்து இமைத் தொங்கல்னு யார் வந்தாலும் சாயங்காலம் வரச் சொல்றேன்.

அதனால நீங்க பண்ண வேண்டியது, இன்னிலேர்ந்து ஒரு வாரம் போன்ல அம்மா முகத்தை நேரா பாக்க வெச்சு போட்டோ எடுங்க, காலையில எழுந்ததும் ஒண்ணு, மதியம் சாப்பாட்டு நேரத்துல ஒண்ணு, எடை போட்டு முடிச்சு வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு. பிளாஸ்டர் ஒட்டாம, கண்ணாடி இல்லாம, ஒரே வெளிச்சத்துல, நெத்தியைத் தூக்கிக்காம. ரெட்டையா தெரியறப்போ ஒரு கண்ணை மூடினா ஒண்ணா ஆயிடுதான்னு கேட்டு எழுதி வைங்க. சாயங்காலம் இன்னொண்ணும் பண்ணிப் பாக்கலாம், தலையை அசைக்காம ஒரு நிமிஷம் மேல சீலிங்கையே பாக்கச் சொல்லுங்க, கடை ஷட்டர் மெதுவா இறங்கற மாதிரி இமை இறங்கினா அதை வீடியோ எடுத்துக்கோங்க. தொங்கற இடது இமையை நீங்க விரலால மெதுவா தூக்கிப் பிடிச்சா இத்தனை நேரம் நல்லா இருந்த வலது இமை சடார்னு இறங்கலாம், பயந்துடாதீங்க. ரெண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு கரண்ட் தான் அனுப்பும், இடதுக்காக அதிகமா அனுப்பிக்கிட்டு இருந்தது, நீங்க தூக்கிட்டதும் குறைச்சுக்குது, அவ்வளவு தான். வலது பக்கமும் லேசா இருக்குன்னு அதுலேர்ந்து தெரியும். இதை எல்லாம் கையில வெச்சுக்கிட்டு நியூரோ டாக்டர்கிட்ட போங்க. உங்களுக்கு ஊட்டியோ கோயம்புத்தூரோ, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில முதல்ல கேளுங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா மறக்காம எடுத்துட்டுப் போங்க.

அங்க ரத்தத்துல அசிடைல்கோலின் ரிசப்டார் ஆன்டிபாடி பாப்பாங்க. கண்ணுல மட்டும் வியாதி இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்குத் தான் அது பாசிட்டிவா வரும், அதனால ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்ததும் "ஒண்ணுமில்ல"ன்னு மலை ஏறி வந்துடாதீங்க, நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பாக்கற டெஸ்ட் வேற இருக்கு. வியாதின்னு உறுதியானா நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் கேப்பாங்க, "கண்ணுக்கு வந்தா எதுக்கு நெஞ்சுக்கு ஸ்கேன், காசு புடுங்கறாங்க"ன்னு நினைக்காதீங்க. நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி, இந்த ஆன்டிபாடி கோளாறுல அதுக்குப் பங்கு இருக்கு, சிலருக்கு அதுல கட்டியே இருக்கும். தைராய்டும் பாப்பாங்க, ரெண்டும் சேந்து வர்றது உண்டு.

மருந்து பைரிடோஸ்டிக்மின். போட்டு அரை மணி, முக்கால் மணியில வேலை செய்ய ஆரம்பிக்கும், மூணு நாலு மணி நேரம் தாங்கும், அதனால அம்மா வேலை நேரத்தைப் பாத்து எப்ப எப்ப போடணும்னு டாக்டர் பிரிச்சுக் குடுப்பார். வயித்தைக் கலக்கும், எச்சில் ஊறும், தோட்டத்துல பாத்ரூம் வசதி எப்படின்னு எனக்குத் தெரியும், இதை வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவை மாத்தித் தருவார். ஸ்டீராய்டு தேவைப்பட்டா சுகர் ஏறும், சுகர் பாக்கற டாக்டருக்கும் முன்னாடியே தெரியணும். இந்த மருந்து வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1934ல லண்டன் கிரீனிச்ல ஒரு ஆஸ்பத்திரியில மேரி வாக்கர்னு ஒரு லேடி டாக்டர், பெரிய புரொஃபசர் எல்லாம் இல்ல. இந்த வியாதியைப் பாத்தா தென் அமெரிக்காவுல அம்பு நுனியில தடவுற க்யூராரே விஷம் ஏறின மாதிரியே இருக்கேன்னு யோசிச்சு, அப்படின்னா அந்த விஷத்துக்கு மாத்து மருந்தான ஃபைசோஸ்டிக்மினைக் குடுத்துப் பாத்தா என்னன்னு ஊசி போட்டாங்க. தொங்கின இமை ஏறிச்சு. உங்க அம்மாவுக்குக் குடுக்கப் போற மாத்திரை அந்த வம்சம் தான்.

(விஷம்னு சொன்னதும் ஞாபகம் வருது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷமும் இதே நரம்பு-தசை சந்திப்புல தான் கை வைக்கும். அடிவாரத்துல சொந்தக்காரங்க இருந்தா சொல்லி வைங்க, ராத்திரி தரையில படுத்தவங்க காலையில எழுந்து இமை ரெண்டும் தூக்க முடியல, வயிறு வலிக்குது, முழுங்க முடியலன்னு சொன்னா, கடிச்ச தடம் தெரியலன்னாலும் 108ஐக் கூப்பிடணும். கட்டுவிரியன் கடி பல தடவை தெரியவே தெரியாது.)

அந்த ஆன்டிபயாட்டிக் விஷயம். மாத்திரை பேரை நீங்க எழுதல, அட்டை இருந்தா தேடி எடுங்க. நீர்க்கடுப்புக்கு வழக்கமா குடுக்கற சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ரகம் மையஸ்தீனியாவை மோசமாக்கும். ஜென்டாமைசின் ஊசி, அசித்ரோமைசின், பிரஷருக்குப் போடுற சில பீட்டா பிளாக்கர், ஏன், கண் பிரஷருக்கு விடுற டிமோலால் சொட்டு கூட இந்தக் கணக்குல வரும். இதுக்காக இப்ப போட்டுக்கிட்டு இருக்கற எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா மெடிக்கல் ஷாப்ல போய் "ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க"ன்னு வாங்கறதை இன்னியோட விட்டுடுங்க, எந்த டாக்டரைப் பாத்தாலும் "மையஸ்தீனியா சந்தேகம் இருக்கு"ன்னு முதல் வரியா சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கறவருக்கு இது கட்டாயம் தெரியணும், தசையைத் தளர்த்தற மருந்து இவங்களுக்கு வேற மாதிரி வேலை செய்யும்.

ஆபரேஷனை ஏன் இவ்வளவு அழுத்தி வேண்டாங்கறேன்னா, இமைத் தசையைச் சுருக்கித் தைக்கறது நிலையா ஒரே அளவு தொங்கற இமைக்கு சரியான வைத்தியம். உங்க அம்மாவுக்கு அளவு மணிக்கு மணி மாறுது, எந்த மணி அளவை வெச்சு தைப்பாங்க? சாயங்கால அளவுக்குத் தூக்கினா காலையில கண்ணு முழிச்சு நிக்கும், ராத்திரி முழுசா மூடாது, கருவிழி காஞ்சு புண்ணாகும். வியாதிக்கு மருந்து குடுத்து, ரொம்ப நாள் ஒரே நிலையா இருந்து, அப்பவும் இமை தொங்கினா அப்ப தைக்கலாம். உங்களுக்குத் தேதி குடுத்த டாக்டரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவரும் நாள்ல ஏதோ ஒரு நேரத்துல மட்டும் தான் பாத்திருப்பார், அப்படிப் பாத்து ஏமாந்த என் கதை மேல இருக்கு.

சுகர் இருக்கறதால இன்னொண்ணையும் யோசிக்கணும். சுகர்காரங்களுக்கு கண்ணைத் திருப்புற மூணாவது நரம்புக்கு ரத்தம் குறைஞ்சு இமை விழலாம். ஆனா அது திடீர்னு வரும், பல பேருக்கு கண்ணைச் சுத்தி வலிக்கும், காலை சாயங்காலம்னு வித்தியாசம் காட்டாது, பெரும்பாலும் மூணு மாசத்துல தானா சரியாகும். உங்க அம்மாவுக்கு நாலு மாசமா ஏறி இறங்குது, அதனால இது என் பட்டியல்ல கீழ போயிடுச்சு. ஆனா என்னிக்காவது ஒரு நாள் கடும் தலைவலியோட இமை விழுந்து, அந்தப் பக்கத்துக் கண்மணி மட்டும் பெருசா விரிஞ்சிருந்தா, அது மூளை ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம், அன்னிக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரி. முகவாதம்னா இமை தொங்காது, அதுக்கு நேர் எதிரா கண்ணை மூட முடியாம போகும், வாயும் ஒரு பக்கம் இழுக்கும். கல்யாண வீட்டுல வாதம்னு சொன்னவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. அத்தை சுத்திப் போட்டதுல தப்பில்ல, அவங்க மனசுக்கு ஆறுதல்.

இதுக்கு நடுவுல அம்மாவுக்கு சாப்பாடு முழுங்க கஷ்டம், குடிச்ச டீ மூக்கு வழியா வர்றது, பேசப் பேச குரல் மூக்கால வர்றது, சாப்பாட்டை மென்னுக்கிட்டே இருக்கறப்போ தாடை ஓஞ்சு போறது, படுத்தா மூச்சு முட்டறது, இதுல எது வந்தாலும் நியூரோ அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணச் சொல்லுங்க, 20ஐத் தாண்ட திணறினா உடனே 108. கோத்தகிரியிலேர்ந்து கீழ போக எவ்வளவு நேரமாகும்னு உங்களுக்கே தெரியும், மூச்சு விஷயத்துல காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க. அப்புறம், ரெட்டையா தெரியற நாள்ல சரிவுல கொழுந்து எடுக்க விடாதீங்க. ஒரு கண்ணை மறைச்சுக்கிட்டா ரெட்டை போயிடும், ஆனா ஆழம் சரியா தெரியாது, கால் வழுக்கும். மேஸ்திரிகிட்ட சொல்லி கொஞ்ச நாள் சமதள வேலை ஏதாவது கேட்டுப் பாருங்க.

இப்ப பாப்பா. உங்க கடிதத்துல நீங்க போற போக்குல எழுதின இந்த ரெண்டு வரியில தான் நான் ரொம்ப நேரம் நின்னேன். அம்மாவோட இமை சாயங்காலம் தொங்குது, பாப்பாவோட இமை காலையில வீங்குது. அலர்ஜின்னா பெரும்பாலும் அரிக்கும், கண்ணு சிவக்கும், கசக்கிக்கிட்டே இருப்பாங்க, நீங்க அதெல்லாம் எழுதல. அரிப்பு இல்லாம, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, படுத்து எழுந்ததும் வீங்கி, எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் வடியுதுன்னா, உடம்புல நீர் தேங்கி ராத்திரி படுக்கறப்போ முகத்துக்கு வருது, பகல்ல காலுக்கு இறங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். இமைத் தோல் உடம்புலயே மெல்லிசு, அதுல தான் முதல்ல தெரியும். இந்த வயசுக் குழந்தைங்களுக்கு கிட்னியிலேர்ந்து புரதம் ஒழுகற நெஃப்ராடிக் சின்ட்ரோம் இப்படித் தான் ஆரம்பிக்கும், பல பேர் கொஞ்ச நாள் அலர்ஜி மருந்துல ஓட்டிட்டுத் தான் வருவாங்க. சாயங்காலம் கணுக்காலுக்கு மேல எலும்பு மேல விரலை வெச்சு கொஞ்சம் அழுத்தி எடுங்க, குழி விழுந்து மெதுவா ரொம்புதா பாருங்க. பாவாடை நாடா, ஜட்டி எலாஸ்டிக் இடுப்புல தடம் போடுதா, யூரின்ல நுரை நிக்குதான்னு பாருங்க. இருக்கோ இல்லையோ, நாளைக்குக் காலையில முதல் யூரினைப் பிடிச்சு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆல்புமின்கிற புரதம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ஒரு பட்டையை நனைச்சுப் பாக்கற வேலை, சில நிமிஷம் தான். இருந்தா அன்னிக்கே குழந்தை டாக்டர். பயப்படாதீங்க, இந்த வயசுல பெரும்பாலான குழந்தைங்க மருந்துக்கு நல்லா கேக்கும், தாமதம் பண்ணா தான் இன்ஃபெக்ஷன் அது இதுன்னு சிக்கல். சொட்டு மருந்து பாட்டில்ல ஸ்டீராய்டுன்னு இருந்தா விடறதை நிறுத்திட்டு, அந்த பாட்டிலையும் கொண்டு போங்க.

அப்பாவோட மஞ்சள் திட்டு வெறும் கொழுப்புப் படிவு, கண்ணுக்கு ஒண்ணும் பண்ணாது, சாந்தலாஸ்மான்னு பேரு. வெறும் வயித்துல கொலஸ்ட்ரால், சுகர், அப்படியே பிரஷரும் பாத்துடுங்க. அது உள்ள பாதிப் பேருக்கு கொலஸ்ட்ரால் நார்மலாவே இருக்கும், ஆனா மீதிப் பாதியில அப்பா இருந்தா இதயத்துக்கு நல்ல நேரத்துல தெரிஞ்ச மாதிரி. சுரண்டறது, சுண்ணாம்பு வைக்கறதெல்லாம் வேண்டாம்.

குடும்பத்துக்கே இமைக் கோளாறுன்னு எழுதியிருந்தீங்க. இல்ல தம்பி, மூணு பேருக்கும் மூணு வேற விஷயம், ஒண்ணு நரம்பும் தசையும் சேர்ற இடம், ஒண்ணு கிட்னியா இருக்கலாம், ஒண்ணு கொழுப்பு, மூணும் வெளிய எட்டிப் பாக்கற ஜன்னல் மட்டும் ஒண்ணு. பாப்பாவோட யூரின் ரிசல்ட் வந்ததும் அதை முதல்ல எழுதுங்க, அம்மாவோட போட்டோ ஒரு வாரம் சேரட்டும்.